கடலடியில் தானாகக் கசியும் எரிவாயுவைப் பிடித்து எரிக்க முடியுமா?

சயான் சிவா
கலிஃபோர்னியா கடலோரத்தில் எடுத்த ஒரு வீடியோ பார்த்தேன். கடலடி மண்ணிலிருந்து சரம் சரமாகக் குமிழி ஏறுகிறது. யாரும் துளை போடவில்லை, ரிக் நிறுத்தவில்லை. இயற்கை எரிவாயு தானாக வந்து, தானாகக் காற்றில் கலந்து போய்க்கொண்டிருக்கிறது.

என் கேள்வி இதுதான். அந்த இடத்தின் மேல் ஒரு பெரிய கூரையைக் கவிழ்த்து, உச்சியில் குழாய் சொருகினால் என்ன? கேஸும் கிடைக்கும், மீத்தேன் மேலே போவதும் நிற்கும். மும்பை ஹை எண்ணெய் வயல் நமக்கு 160 கிலோமீட்டரில் இருக்கிறது. கடலில் குழாய் போடுவது இங்கே யாருக்கும் புதிதில்லை. அப்புறம் ஏன் யாரும் செய்யவில்லை? எங்கே இடிக்கிறது? ஓஎன்ஜிசி பக்கம் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

டோம்பிவிலி பாஸ்கர்
தம்பி, சும்மா கிடைக்கிற பொருளை உலகத்தில் எவனும் விட்டுவைக்க மாட்டான். விட்டுவைத்திருக்கிறான் என்றால் கணக்கு உதைக்கிறது என்று அர்த்தம். எண்களை யாராவது போடட்டும், நான் பெருக்கிச் சொல்கிறேன்.

பன்வெல் ராமசாமி
யாரும் செய்யவில்லை என்பது சரியில்லை சிவா. நீ பார்த்த வீடியோ பெரும்பாலும் சான்டா பார்பரா பக்கம் கோல் ஆயில் பாயின்ட் என்ற இடமாகத்தான் இருக்கும். நீ சொல்கிற அதே கூரையை அங்கே 1982-லேயே இறக்கிவிட்டார்கள். ஆர்கோ என்ற எண்ணெய்க் கம்பெனி செய்தது. இரும்பில் பிரமிடு மாதிரி இரண்டு கூடாரம்; அடிப்பகுதி ஒவ்வொன்றும் 30 மீட்டருக்கு 30 மீட்டர்; தண்ணீர் ஆழம் 67 மீட்டர். உச்சியில் சேருகிற வாயு குழாய் வழியாகக் கரைக்குப் போய், எல்வுட் என்ற இடத்தில் இருந்த ஆலையில் சுத்தமானது. பல ஆண்டுகள் ஓடிய ஏற்பாடு, வெறும் சோதனை இல்லை.

வேலை செய்யும் விதம் எளிது. தலைகீழாகக் கவிழ்த்த டம்ளரை நினைத்துக்கொள். அடிப்பக்கம் திறந்திருக்கும், குமிழிகள் உள்ளே ஏறி உச்சியில் சேரும். அந்த ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கிட்டத்தட்ட 7 பார். வாயுவும் அதே அழுத்தத்தில் நிற்பதால் குழாயில் தானாகவே தள்ளிக்கொண்டு போகும். கடலடியில் கம்ப்ரசர் வேண்டாம், மோட்டார் வேண்டாம்.

தலைவலி வேறு இடத்தில். வாயுவை உள்ளே தேங்க விடக்கூடாது. 30-க்கு 30 என்றால் 900 சதுர மீட்டர். முழுப் பரப்புக்கும் ஒரே ஒரு மீட்டர் தடிமனில் வாயு நின்றுவிட்டால், அது விலக்கும் தண்ணீர் 900 கனமீட்டர். அதாவது 900 டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தூக்கும். கரையில் வால்வை மூடிவிட்டு டீ குடிக்கப் போனால் கூடாரம் அடியோடு பெயர்ந்துவிடும். அதனால்தான் நூற்றுக்கணக்கான டன் எடையில் கட்டி, கடலடியில் பிணைத்து வைக்கிறார்கள். உபரி வாயு தானாக வெளியேற வழியும் வைத்தாக வேண்டும். கடல் வேலையில் எடையைத் தாங்க வைப்பது ஒரு பாடு, மிதக்காமல் பிடித்து வைப்பது அதைவிடப் பெரிய பாடு.

சயான் சிவா
சார், இது தெரியாமலே போயிற்றே! 1982-ல் முடிந்த வேலை என்றால் இன்றைக்கு ஏன் ஊருக்கு ஊர் இல்லை? எவ்வளவு வாயு கிடைத்தது?

பன்வெல் ராமசாமி
இரண்டு கூடாரமும் சேர்ந்து நாளுக்குச் சுமார் 16,800 கனமீட்டர். இது 2001-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் இருக்கிற அளவு. அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கடல் ஏற்றம் வந்தால் வாயு குறைகிறது, இறக்கம் வந்தால் கூடுகிறது. தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் மணிக்கு 10 முதல் 15 கனமீட்டர் குறைவு. மணிக்குச் சராசரி 700 கனமீட்டர் என்று வைத்தால் அது சுமார் 2 சதவீதம். கடலின் எடை ஒரு மீட்டர் கூடினாலே கசிவின் வாய் கொஞ்சம் இறுகுகிறது. வாயு ஓட்டத்தை அளக்கும் மீட்டரை மட்டும் பார்த்து இப்போது ஏற்றமா இறக்கமா என்று சொல்லலாம்.

டோம்பிவிலி பாஸ்கர்
எண் வந்துவிட்டது, சந்தோஷம். இப்போது பெருக்குகிறேன்.

நம் வீட்டில் பைப் கேஸ் சமையலுக்கு நாளுக்கு ஏறத்தாழ அரை கனமீட்டர் ஆகிறது. அந்தக் கணக்கில் 16,800 என்பது முப்பதாயிரத்துச் சொச்சம் வீட்டு அடுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டோம்பிவிலி கிழக்கில் ஒரு பெரிய துண்டு.

இப்போது பணம். 16,800 கனமீட்டர் என்பது தோராயமாக 600 மில்லியன் பிடியு (வாயுவுக்கு விலை போடும் வெப்ப அளவு). ஓஎன்ஜிசியின் பழைய வயல்களில் எடுக்கும் வாயுவுக்கு 2023 ஏப்ரலில் அரசு வைத்த உச்சவரம்பு, ஒரு மில்லியன் பிடியுவுக்கு 6.5 டாலர். ஆக நாளுக்கு 3,900 டாலர். நம் காசில் 3.3 லட்சம், வருடத்துக்கு 12 கோடி.

12 கோடி எனக்குப் பெரிய பணம், கடலுக்கு இல்லை. ராமசாமி சார், டைவிங் சப்போர்ட் கப்பல் ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் என்ன ஆகும்?

பன்வெல் ராமசாமி
பல பத்து லட்சம். கப்பல், டைவர்கள், ஆர்ஓவி (தண்ணீருக்கடியில் ஆளில்லாமல் இயங்கும் இயந்திரம்) எல்லாம் சேர்த்து. காற்று மழை என்று சும்மா நின்றாலும் வாடகை ஓடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் வேலையே நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டோம்பிவிலி பாஸ்கர்
அப்போ வருடத்துக்கு ஒரு மாதம் பராமரிப்புக்குக் கப்பல் நிறுத்தினாலே வரவு காலி. இரும்பு, குழாய், கரையில் ஆலை, இதையெல்லாம் நான் இன்னும் தொடவே இல்லை. அதுவும் இது உலகத்திலேயே பெரிய கசிவுகளில் ஒன்று என்று சொல்கிறார்கள்.

பன்வெல் ராமசாமி
ஆமாம். அந்தக் கசிவு வயல் முழுவதிலும் நாளுக்கு ஒரு லட்சம் கனமீட்டருக்கு மேல் வெளியேறுகிறது என்று 1999-ல் கணக்கிட்டார்கள். கூடவே நூறு பேரலுக்கு மேல் எண்ணெய். அங்கே கரை ஒதுங்கும் தாரை எடுத்துத்தான் சூமாஷ் பழங்குடியினர் பலகைப் படகின் இடுக்குகளை அடைத்திருக்கிறார்கள். அவ்வளவு வளமான இடத்திலேயே, இருப்பதில் மிகச் சிறந்த ஓட்டைகளைத் தேர்ந்தெடுத்து மூடி, பிடித்தது மொத்தத்தில் ஆறில் ஒரு பங்குதான். மீதி பல சதுர கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கிறது.

மாட்டுங்கா வாசகன்
அப்படியானால் ஆர்கோ ஏன் செய்தது? தர்மத்துக்கா?

பன்வெல் ராமசாமி
காற்றுக்காக. அந்தப் பகுதியில் காற்று மாசு விதி கடுமையானது. புதிதாக ஒரு இடத்தில் ஹைட்ரோகார்பன் வெளியிட வேண்டுமென்றால் இன்னொரு இடத்தில் அதற்கு ஈடாகக் குறைத்துக் காட்ட வேண்டும். இயற்கைக் கசிவைப் பிடித்ததால் அவர்களுக்கு அந்த ஈட்டுக்கணக்கு கிடைத்தது. வாயு விற்ற காசு மேல்வரும்படி. உரிமம் கிடைப்பதுதான் அசல் லாபம்.

என் அபிப்பிராயம் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தின் மொத்தக் கதையும் இதில் இருக்கிறது. பிடிக்க முடியுமா என்றால் முடியும். வாயுவுக்காகப் பிடித்துக் கட்டுப்படியாகுமா என்றால் ஆகாது. காற்றைச் சுத்தம் செய்ததற்கு யாராவது காசு கொடுத்தால் மட்டும் யோசிக்கலாம்.

செம்பூர் கௌரி
காற்றுக் கணக்கையும் போட்டுவிடலாமே. 16,800 கனமீட்டர் அத்தனையும் மீத்தேன் என்று வைத்துக்கொண்டால் எடை நாளுக்குச் சுமார் 11.4 டன். வருடத்துக்கு 4,000 டன்னுக்குக் கொஞ்சம் மேல். நூறு வருடக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடேற்றும் என்றால், அது 1,17,000 டன்னுக்குச் சமம். எரித்த பிறகு வருகிற கார்பன் டை ஆக்சைடு பதினோராயிரத்துச் சொச்சம் டன்னைக் கழித்துவிடுங்கள். மிச்சம் ஒரு லட்சம் டன். டன்னுக்குப் பத்து டாலர் என்று யாராவது கொடுத்தால் பத்து லட்சம் டாலர். பாஸ்கர் சார் போட்ட 12 கோடியோடு இன்னொரு எட்டு, ஒன்பது கோடி.

இதில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் உமிழ்வுக் கணக்கில் மனிதன் வெளியிடுவது மட்டுமே வரும், இயற்கைக் கசிவு வராது. வராத ஒன்றைக் குறைத்ததற்கு யார் கிரெடிட் கொடுப்பார்கள்? இந்தியாவில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை 2023-ல் அறிவித்தார்கள், அதுவும் ஆலைகளைக் குறிவைத்துத்தான் தொடங்கியது.

இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. கடலடியில் வெளியேறும் மீத்தேன் எல்லாம் காற்றுக்கு வருவதே இல்லை.

சயான் சிவா
அது எப்படி அக்கா? குமிழி மேலே வந்துதானே ஆகணும்?

செம்பூர் கௌரி
குமிழி வரும். உள்ளே இருக்கிற மீத்தேன் வராது.

குமிழி ஏறும்போதே அதிலிருக்கும் மீத்தேன் சுற்றியுள்ள தண்ணீரில் கரைகிறது. அதே நேரம் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிக்குள் நுழைகின்றன. ஆழம் நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டிவிட்டால், மேலே வந்து உடைகிற குமிழியில் பெரும்பாலும் சாதாரணக் காற்றுதான் இருக்கும். கரைந்த மீத்தேனைத் தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் தின்றுவிடும். குமிழி பெரியதாக இருந்தாலோ, மேலே எண்ணெய்ப் படலம் ஒட்டியிருந்தாலோ கரைவது குறையும். கோல் ஆயில் பாயின்ட்டில் ஆழமும் குறைவு, எண்ணெயும் உண்டு. அதனால் அங்கே கணிசமான பங்கு மேலே வந்துவிடுகிறது.

இதற்கும் முன்னால் மண்ணுக்குள்ளேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களும் கூட்டாக வாழ்கின்றன. கீழிருந்து வரும் மீத்தேனில் பெரும்பகுதியை அவை வழியிலேயே தீர்த்துவிடுகின்றன. மிச்சமாவது சுண்ணாம்புப் பாறையும் ஹைட்ரஜன் சல்ஃபைடும். அந்த சல்ஃபைடை நம்பி மட்டி, குழாய்ப்புழு என்று வெயிலே தேவைப்படாத ஒரு கூட்டம் பிழைக்கிறது. 1980-களில் மெக்சிகோ வளைகுடாவில் முதலில் பார்த்தார்கள். நம் கிருஷ்ணா கோதாவரிப் படுகையிலும் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் சிந்து சாதனா கப்பலில் போய் 2018-ல் இப்படிப்பட்ட உயிருள்ள கசிவுகளைக் கண்டுபிடித்தார்கள்.

ஆக ஆழ்கடல் கசிவின் மேல் கூரை போட்டால் காற்றுக்கு லாபம் கிட்டத்தட்ட இல்லை. அந்த மட்டிகளுக்குச் சோறு போச்சு, அவ்வளவுதான்.

மாட்டுங்கா வாசகன்
கௌரி, பூச்சி புழுவுக்காகப் பார்த்தால் நாட்டுக்கு எரிபொருள் எங்கிருந்து வரும்? நாம் எரிக்கிற வாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. கிருஷ்ணா கோதாவரியில் ஹைட்ரேட் (தண்ணீரோடு சேர்ந்து பனிக்கட்டி மாதிரி உறைந்த மீத்தேன்) மட்டும் நூற்றாண்டுக் கணக்கில் வரும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இந்தியக் கடல்கள் முழுவதற்கும் 1,894 டிரில்லியன் கனமீட்டர்! கசிவு இருக்கிற இடத்தில்தானே ஹைட்ரேட்டும் இருக்கும்? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாமே?

பன்வெல் ராமசாமி
வாசகன் சார், அந்த 1,894 இருப்பு இல்லை, மதிப்பீடு. கீழே எங்கெங்கே இருக்கக்கூடும் என்று கூட்டிப் பார்த்தது. எடுக்கக்கூடியது எவ்வளவு என்பது தனிக் கேள்வி. 2006-ல் ஜோய்டெஸ் ரெசல்யூஷன் கப்பலை வைத்துத் துளைத்தபோது கிருஷ்ணா கோதாவரியில் ஓர் இடத்தில் 128 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் அடுக்கு கிடைத்தது உண்மை. ஆனால் அது களிமண்ணின் வெடிப்புகளில் நிரம்பியிருந்தது. அதிலிருந்து வாயுவை உறிஞ்சுவது கடினம். மணலில் இருப்பதுதான் எடுக்க ஏதுவானது. அதைத் தேடித்தான் 2015-ல் ஜப்பானின் சிக்யூ கப்பலை வரவழைத்தார்கள், மணலிலும் கிடைத்தது. எங்கள் பன்வெலிலேயே ஓஎன்ஜிசிக்கு ஹைட்ரேட்டுக்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

எடுத்துப் பார்த்தவர்கள் கதையைக் கேளுங்கள். ஜப்பான் 2013 மார்ச்சில் நான்காய் பள்ளத்தில் ஆறு நாள் எடுத்தது. சுமார் 1,20,000 கனமீட்டர் வந்ததும் கிணற்றில் மணல் புகுந்து நின்றுவிட்டது. சீனா 2017-ல் தென்சீனக் கடலில் 60 நாளில் மூன்று லட்சம் கனமீட்டர், 2020-ல் 30 நாளில் எட்டரை லட்சத்துக்கு மேல். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2020 சோதனையே நாளுக்கு முப்பதாயிரம் கனமீட்டருக்குக் கீழே. ஆழ்கடல் கிணறு ஒன்றுக்கு இது எந்த மூலைக்கு?

இன்னொன்று. ஹைட்ரேட் இருக்கிற ஆழத்தில் சிவாவின் கூரை வேலையே செய்யாது. இது நான் கண்ணால் பார்த்த சமாசாரம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடலில் எண்ணெய் எடுக்கும் பிளாட்ஃபார்மில் இருந்த காலத்தில், அழுத்தத்தைக் குறைக்கும் சோக் வால்வுப் பக்கம் போனால் வெளியே முப்பத்தைந்து டிகிரி வெயில் அடிக்கும், குழாயின் மேல் வெள்ளையாகப் பனி படிந்திருக்கும். உயர் அழுத்தத்திலிருந்து சட்டென்று அழுத்தம் குறையும்போது வாயு குளிர்ந்துவிடும். அதில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், உள்ளே ஹைட்ரேட் கட்டிவிடும். பார்க்க அழுக்குப் பனிக்கட்டி மாதிரிதான், ஆனால் பூஜ்யத்துக்கு மேலேயே, பத்துப் பதினைந்து டிகிரியில்கூட உறையும். அழுத்தமானியில் வால்வுக்கு முன்னால் முள் ஏறும், பின்னால் இறங்கும். உடனே அந்தக் கட்டியைக் கரைக்க மெத்தனால் பம்பைப் போட்டுவிடுவோம். ஒரு பக்கம் மட்டும் அழுத்தத்தை இறக்கிவிட்டால் உள்ளே இருக்கிற கட்டி தோட்டா மாதிரி பாயும், வளைவைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். புதுசாக வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே இரண்டு பக்கமும் சமமாக இறக்கு என்பதைத்தான்.

கடலடியில் இதே கதைதான், இன்னும் பெரிதாக. குளிரும் அழுத்தமும் அங்கே இலவசம். தண்ணீருக்கும் பஞ்சமில்லை. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற ரிக் வெடித்த பிறகு, மே மாதம் 1,500 மீட்டர் ஆழத்தில் ஒரு பெரிய இரும்புக் கூண்டை ஒழுகல் மேல் இறக்கினார்கள். சிவா கேட்ட அதே யோசனை. உலகத்தின் கண் முழுவதும் அதன் மேல். உள்ளே வாயு சேரச் சேர ஹைட்ரேட் கட்டி உச்சியில் இருந்த வாயை அடைத்தது. ஹைட்ரேட் தண்ணீரைவிட லேசு, அதனால் கூண்டே மிதக்கப் பார்த்தது. தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். அப்புறம் வந்த மூடிகளில் மெத்தனால் செலுத்த வழி வைத்துத்தான் இறக்கினார்கள்.

குளிர் கடலில் 300 முதல் 500 மீட்டர் ஆழத்திலேயே இந்தத் தொல்லை தொடங்கிவிடும், நம் வெப்பக் கடலில் இன்னும் கொஞ்சம் கீழே. கிருஷ்ணா கோதாவரிக் கசிவுகள் கிலோமீட்டர் ஆழத்துச் சமாசாரம். நாள் முழுக்க மெத்தனால் ஊற்றிக்கொண்டு குமிழி பிடித்தால் வாயுவின் விலையைவிட மெத்தனால் விலை அதிகமாகிவிடும்.

டோம்பிவிலி பாஸ்கர்
சார், இதைக் கணக்குப் போடச் சொல்லாதீர்கள். பெருக்கும் முன்பே சிவப்பு.

சயான் சிவா
சரி, ஆழ்கடலை விட்டுவிடுவோம். மும்பைக்கு எதிரே? மும்பை ஹையில் தண்ணீர் ஆழம் 75 மீட்டர்தானே? கலிஃபோர்னியா கூடாரம் நின்ற ஆழத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஹைட்ரேட் தொல்லை இல்லை, குழாயும் ஏற்கனவே இருக்கிறது. அங்கே எதுவும் கசியாதா?

பன்வெல் ராமசாமி
ஆழம் சரி. ஆனால் மும்பை ஹை வயலாக இருப்பதற்குக் காரணமே கசியாததுதான். கீழே சுண்ணாம்புப் பாறையில் எண்ணெயும் வாயுவும், அதன் மேல் களிப்பாறை மூடி. அந்த மூடி கோடிக்கணக்கான வருடம் பிடித்து நின்றதால்தான் 1974-ல் சாகர் சாம்ராட் என்ற ரிக் துளை போட்டபோது உள்ளே சரக்கு இருந்தது.

கோல் ஆயில் பாயின்ட்டில் நிலம் உடைந்து மடிந்து கிடக்கிறது, மூடி ஓட்டை. அங்கேயும் ஒரு வேடிக்கை உண்டு. ஹாலி என்ற பிளாட்ஃபார்ம் வந்து கீழிருந்து எண்ணெய் எடுக்க எடுக்க, அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டாரத்தில் கசிவு குறைந்துவிட்டது. கீழே அழுத்தம் இறங்கியதுதான் காரணம் என்று 1999-ல் எழுதினார்கள். மேலே கூரை போட்டுப் பிடிப்பதைவிடக் கீழே கிணறு போட்டு எடுப்பது கசிவையும் அடைக்கிறது, காசும் தருகிறது.

மாட்டுங்கா வாசகன்
பார்த்தீர்களா, இதைத்தான் சொல்ல வந்தேன். துளை போடுவதுதான் சுற்றுச்சூழலுக்கு நல்லது!

செம்பூர் கௌரி
அண்ணா, அதே சான்டா பார்பராவில் 1969 ஜனவரியில் துளை போட்டபோது கிணறு வெடித்துக் கரையெல்லாம் எண்ணெய். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் இயக்கம் பெரிதாக எழுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஒரு பிளாட்ஃபார்மைச் சுற்றி அளந்த கண்டுபிடிப்பை எல்லாக் கடலுக்கும் பொதுவாக்கிப் பேசுவது எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்துக்குத்தான் உதவும்.

மும்பைப் பக்கத்துக் கேள்விக்கு வருகிறேன். நம் மேற்குக் கரையை ஒட்டிய ஆழமில்லாத பகுதியில், கடலடிச் சேற்றுக்குள் வாயு அடைபட்டிருப்பதைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990-களிலேயே ஒலியலை அனுப்பிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வாயு இருக்கிற இடத்தில் ஒலி அதற்குக் கீழே போகாது, படத்தில் திட்டுத் திட்டாக மறைந்துவிடும். ஆனால் இது பூமிக்குள் ஆழத்திலிருந்து வந்த பெட்ரோலிய வாயு இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய சேற்றில் இலை தழை அழுகி நுண்ணுயிர் உண்டாக்கியது. அழுத்தம் கிடையாது, மெல்லிய போர்வையாகப் பரவிக் கிடக்கிறது. சதுர கிலோமீட்டர் கணக்கில் கூரை போட்டாலும் அடுப்பு எரிகிற அளவு ஓட்டம் வராது.

சசூன் டாக் சேவியர்
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டே இருந்தேன், ஒரு வார்த்தை. நான் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருக்கிறேன், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பிளாட்ஃபார்மைச் சுற்றி 500 மீட்டர் யாரும் வரக்கூடாது என்று ஏற்கனவே விதி. கடலடிக் குழாய் மேல் இழுவலை போட்டால் வலையும் போகும், வழக்கும் வரும். இந்தக் கூடாரம் வேறு வந்தால் அதையும் சுற்றி ஒரு வட்டம் போடுவார்கள். கோலி மீனவர்கள் டோல் என்ற பை வலை கட்டிப் பொம்பில் மீன் பிடிக்கிற இடமெல்லாம் அந்த ஆழமில்லாத சேற்றுக் கடல்தான். அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் படம் வரையுங்கள்.

டோம்பிவிலி பாஸ்கர்
சேவியர் சொன்னது என் கணக்கில் இல்லாத செலவு. நஷ்டஈடு என்று ஒரு வரி போட்டுக்கொள்கிறேன்.

சயான் சிவா
ஒருவரும் விடமாட்டேன் என்கிறீர்கள்! உலகத்தில் வேறு எங்குமே தண்ணீரிலிருந்து மீத்தேன் எடுத்து உருப்படியாக எதுவும் செய்யவில்லையா?

செம்பூர் கௌரி
ஒன்று இருக்கிறது, ஆனால் கடல் இல்லை. ருவாண்டாவுக்கும் காங்கோவுக்கும் நடுவில் கிவு ஏரி. அடித்தண்ணீரில் மீத்தேன் கரைந்தே தேங்கியிருக்கிறது, ஏறத்தாழ 60 கன கிலோமீட்டர். சுமார் 350 மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குழாயில் ஏற்றினால் மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு தானாகப் பிரியும். 2015 இறுதியிலிருந்து 26 மெகாவாட் மின்நிலையம் அதில் ஓடுகிறது. எடுக்காவிட்டால் என்றைக்காவது ஏரியே பொங்கி மக்களைக் கொல்லும் என்ற பயமும் அங்கே உண்டு. ஆகவே எடுப்பதற்கு இரட்டைக் காரணம். கடலில் அப்படித் தேங்காது, ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும்.

பன்வெல் ராமசாமி
கூரை யோசனைக்கு உண்மையிலேயே வேலை இருக்கிற இடம் ஒன்று சொல்கிறேன். மனிதன் போட்ட ஓட்டை.

2004-ல் ஐவன் புயலில் மெக்சிகோ வளைகுடாவில் டெய்லர் எனர்ஜி கம்பெனியின் பிளாட்ஃபார்ம் சாய்ந்தது. சேறு சரிந்து கிணறுகள் புதைந்துவிட்டதால் அடைக்க முடியவில்லை. வருடக்கணக்கில் எண்ணெயும் வாயுவும் ஒழுகின. 2019-ல் சுமார் 140 மீட்டர் ஆழத்தில் ஒரு சேகரிப்புக் கூண்டை வைத்தார்கள், நாளுக்கு 1,000 கேலனுக்கு மேல் எண்ணெய் அதில் சேர்ந்தது. வட கடலில் 1990-ல் பிரிட்டன் பகுதியில் ஒரு கிணறு வெடித்தது, ஆழம் நூறு மீட்டரைச் சுற்றி. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் பள்ளத்திலிருந்து குமிழி பொங்கிக்கொண்டே இருந்தது. அதற்குக் கூரை போட ஆளில்லை.

இயற்கைக் கசிவில் யாரும் குற்றவாளி இல்லை, அதனால் செலவு செய்யவும் ஆளில்லை. கிணறு ஒழுகினால் உரிமையாளர் உண்டு, ஒழுங்குமுறை உண்டு, அபராதம் உண்டு. கூடாரத்துக்குப் பணம் வருவது அங்கிருந்துதான். அதோடு, உலகம் முழுக்க எண்ணெய் வயல்களில் சும்மா கொளுத்திவிடுகிற வாயு மட்டும் 2023-ல் 148 பில்லியன் கனமீட்டர் என்று உலக வங்கி கணக்குக் கொடுத்தது. கடலில் குமிழியைத் துரத்துவதைவிடப் பிளாட்ஃபார்மில் எரிகிற ஃபிளேரை அணைக்கிற கம்ப்ரசருக்குக் காசு போடுவேன் நான்.

மாட்டுங்கா வாசகன்
ஃபிளேர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஹைட்ரேட் விஷயத்தில் இல்லை. அதைத் தனி இழையாகப் போடுகிறேன், வந்து சண்டை போடுங்கள்.

சயான் சிவா
போடுங்கள் அண்ணா, வருகிறேன். கௌரி அக்கா, கடைசியாக ஒன்று. என் தங்கை வாஷியில் கல்லூரியில் படிக்கிறாள், ப்ராஜெக்ட்டுக்கு ஏதாவது அளந்து காட்டணும் என்கிறாள். இறக்கத்தில் கிரீக் (கடற்கழி) பக்கம் சேற்றில் குமிழி வருவதைப் பார்த்திருக்கிறோம். அதை அளக்க முடியுமா?

செம்பூர் கௌரி
தாராளமாக. அது சதுப்பு வாயு, பெரும்பாலும் மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும். ஆழ்கடலில் ஆர்ஓவியின் இரும்புக் கை செய்வதும் இதேதான்: ஒரு புனலைக் கவிழ்த்து, மேலே அளவுக் குழாய் மாட்டி, எவ்வளவு நேரத்தில் எத்தனை மில்லி சேருகிறது என்று பார்ப்பது.

பெரிய பிளாஸ்டிக் புனல், தலைகீழாகத் தண்ணீர் நிரப்பிய அளவுக் குழாய், கடிகாரம், இவ்வளவு போதும். முழங்கால் ஆழம் தண்ணீர் நிற்கிற இடத்தில் வைக்கச் சொல். ஏற்றம் தொடங்கும்போது ஒரு அளவு, தண்ணீர் கொஞ்சம் ஏறியதும் ஒரு அளவு எடுத்தால் ராமசாமி சார் சொன்ன வித்தியாசம் அங்கேயும் தெரிகிறதா என்று பார்க்கலாம். சேற்றில் தனியாக இறங்க வேண்டாம், இடுப்பு வரை இழுத்துவிடும். பலகை போட்டு, கூட ஒரு ஆளோடு போகட்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வேலையும் வேண்டாம்.

மாதிரி எடுத்தால் ஊசி மருந்து வருகிற ரப்பர் மூடிக் குப்பியில் எடுக்கணும். குப்பியைத் தண்ணீருக்குள்ளேயே நிரப்பி, பாதிக்கு வாயு ஏற்றி, அங்கேயே மூடிவிடணும். கொண்டுவரும்போது தலைகீழாகவே வைக்கச் சொல். மூடிப் பக்கம் தண்ணீர் நின்றால் வாயு ஒழுகாது. கல்லூரியில் கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லையென்றால் எனக்குத் தனிமடல் போடச் சொல்.